பிறந்த குழந்தைக்கு மூளையில் ரத்தக்கட்டு: வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்குப் போன ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் உறைந்து நின்றுவிடுவதுதான் இந்த நோய். மண்டை ஓட்டுக்குள், உச்சிக்குழிக்கு நேர் கீழே, முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய சிரைக்குழாய் ஓடுகிறது. பெரும்பாலும் ரத்தம் உறைவது அங்கேயும், அது பின்மண்டையில் இரண்டாகப் பிரிந்து காதுப் பக்கம் இறங்கும் இடத்திலும்தான். அரிய நோய். ஆனால் கனடாவில் நடந்து 2001இல் வெளியான பதிவேட்டு ஆய்வில், இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் 10 பேரில் 4 பேருக்கு மேல் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள்.

சிக்கல் என்னவென்றால், இதன் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், “சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை” என்பார்கள். கண் ஒரு பக்கமாக இழுத்து நின்றால், தெய்வம் சிரிப்பு காட்டுகிறது. வாயைச் சப்புக்கொட்டினால் பசி. காலைச் சைக்கிள் மிதிப்பது போல் அசைத்தால் விளையாட்டு.

எழாத தூக்கம் ஓர் எச்சரிக்கை, மற்றவை எல்லாமே வலிப்பாக இருக்கலாம். பெரியவர்களுக்கு வருவது போல உடம்பு வெட்டி இழுத்து, நுரை தள்ளும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. பச்சைக் குழந்தையின் வலிப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்து போகும். சில நேரம் மூச்சு மட்டும் கொஞ்சம் நின்று, உதடு நீலம் பாரிக்கும். கையோ காலோ துடித்தால் அதை மெல்ல மடக்கிப் பிடித்துப் பாருங்கள். சாதாரண நடுக்கம் பிடித்தவுடன் நின்றுவிடும். உங்கள் பிடிக்குள்ளேயும் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். டாக்டர் பார்க்கும்போது குழந்தை அமைதியாகத்தான் இருக்கும், அப்போது அந்தப் படம் பேசும்.

அப்புறம் மலேசியாவின் அவசர எண்ணான 999க்கு அழையுங்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், பினாங்கில் பொது மருத்துவமனை என்று குழந்தை மருத்துவர்கள் உள்ள இடங்கள் இருக்கின்றன. முதலில் முனைக்கடைக் கிளினிக், பிறகு கோயில், மறுநாள் ஆஸ்பத்திரி என்ற வரிசை வேண்டாம். கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காரில் போகும்போதே கட்டலாம். வசம்பு சுட்டு நாக்கில் தடவுவது மட்டும் கூடவே கூடாது.

இதற்குக் காரணங்கள் பல: கிருமித்தொற்று, பிரசவத்தில் மூச்சுத்திணறல், தாயின் உயர் ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, பரம்பரையாக வரும் உறையும் தன்மை. இவற்றில் பல நம் கையில் இல்லை. வீட்டில் நம் கையில் இருப்பது முக்கியமாக ஒன்று, குழந்தையின் உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது. செந்தூல் அடுக்குமாடியில் நண்பகல் வெயிலில் ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் மாட்டிப் பத்தியம் காப்பது யாருக்கும் நல்லதில்லை. மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டுவதும் அப்படியே. தாய்ப்பால் ஊறவில்லை என்று குளுக்கோஸ் தண்ணீரோ பார்லித் தண்ணீரோ கொடுப்பது இன்னொரு தவறு. அது பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் உப்பின் அளவையும் குலைக்கும்.

ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு பேம்பர்ஸ் நன்றாக நனைய வேண்டும். அதன் பிறகும் செங்கல் பொடி போன்ற கறை தெரிந்தாலோ, பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) உடனே சொல்லுங்கள். வீடு அலங்கோலமாக இருக்கிறது என்று அவரை வாசலோடு அனுப்பிவிடுபவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரியில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் பெற்றோர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த ஸ்கேனுக்கு எல்லாக் கட்டும் தெரியாது. சந்தேகம் இருந்தால் சிரைகளையும் காட்டும் எம்ஆர்ஐ தேவைப்படும். “சிரைகளைப் பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கட்டு உறுதியானதும் வரும் பெரிய குழப்பம், “மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்கிறார்கள், பிறகு எதற்கு ரத்தத்தை இளக்கும் மருந்து?” என்பது. லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைத்துக்கொண்டால் மழைநீர் வீட்டுக்குள் ஏறும் அல்லவா, அதே கதைதான். வெளியேற வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்கிக் கசிகிறது. அதனால் கசிவு இருந்தாலே மருந்து கூடாது என்றில்லை. சில குழந்தைகளுக்கு உடனே தொடங்குவார்கள், சிலருக்குச் சில நாள் கழித்து மறு ஸ்கேன் எடுத்து முடிவு செய்வார்கள். மருத்துவர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. டாக்டர் தயங்குவதைப் பார்த்து அவருக்குத் தெரியவில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த மருந்தை ஊசியாகப் போடுவார்கள்: வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை, தோலுக்கடியில், 6 வாரம் முதல் 3 மாதம் வரை. பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஊசியைப் போட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதும் கெடுதல்தான். இந்த வயதில் எடை மளமளவென்று ஏறும், போன மாத அளவு இந்த மாதத்துக்குப் போதாது. ஊசிக்குப் பதிலாகப் பெரியவர்களின் ஆஸ்பிரினைப் பொடித்துக் கொடுப்பது ஆபத்து.

“நீ குளிர்ந்த தண்ணீர் குடித்தாய், அதனால்தான்” என்று தாயைக் குறை சொல்வதில் துளியும் மருத்துவம் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்வதுதான் உபயோகம்.

ஊசி முடிந்ததும் கிளினிக் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கை கால் அசைவு, பார்வை, பேச்சு, வலிப்பு ஆகியவற்றைச் சில வருடம் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையை மட்டும் நீட்டிப் பொம்மையை எடுத்து, மற்றக் கையை மூடியே வைத்திருந்தால், அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.