ரெட் டாட் பிஸ்டலோடு இரண்டு நாள் வகுப்புக்கா? வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

அமெரிக்காவில் வார இறுதி பிஸ்டல் வகுப்புக்குப் பணம் கட்டினால், கொண்டுவர வேண்டியவை பட்டியலில் 600 தோட்டா, 800 தோட்டா என்று இருக்கும். மாதம் 100 தோட்டா சுடுகிறவர் அரை வருடத்தில் சுடுவதை இரண்டே நாளில் சுட்டுத் தீர்க்கிறார். ரேஞ்சில் ஒழுங்காக இருந்த துப்பாக்கி வகுப்பில் மக்கர் செய்வது இதனால்தான். ரெட் டாட் என்பது பிஸ்டல் மேலுள்ள சின்னக் கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி. அந்தப் புள்ளி மினுக்குகிறது, அணைகிறது. காலையில் நடுவில் விழுந்த குண்டு மதியம் ஓரத்துக்குப் போகிறது. உடனே பழி ரெட் டாட்டின் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் கோளாறு எலக்ட்ரானிக்ஸில் இருப்பதில்லை. அதை ஸ்லைடோடு (பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பிடித்து வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களில்தான் இருக்கிறது.

ரைஃபிளில் ஸ்கோப் உட்காருவது அசையாத உடலின் மேல். பிஸ்டலில் ரெட் டாட் உட்காருவது ஓடுகிற ஸ்லைடின் மேல். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் போய் ஒரு இடி இடிக்கும், முன்னால் வந்து எதிர்த்திசையில் இன்னொரு இடி. 800 தோட்டாவுக்கு 1600 இடி. அதைத் தாங்குவது பொருத்தியவரின் கைவேலை.

இங்கே எடுத்துக்காட்டு: ஐந்தாம் தலைமுறை க்ளாக் 19 எம்ஓஎஸ் (ரெட் டாட் பொருத்த ஸ்லைடில் இடம் வெட்டி வரும் வகை), அதன் மேல் ட்ரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் டைப் 2 ரெட் டாட். ஹோலோசன் 507சி வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். இறுக்கும் அளவுக்கும் பேட்டரிக்கும் மட்டும் அதன் கையேட்டைப் பாருங்கள். வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பொருத்தி சனிக்கிழமை காலை வகுப்புக்குப் போவது மிக மோசமான திட்டம்.

வேண்டிய பொருட்கள்: அங்குல-பவுண்டு அளவுள்ள டார்க் ட்ரைவர் (குறித்த இறுக்கம் வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லும் திருப்புளி), ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் புது பிட், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காதுக் குச்சி, லாக்டைட் 243 போன்ற நீல நிற த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை), வெள்ளை பெயின்ட் பேனா, புது சிஆர்2032 பேட்டரி இரண்டு. டார்க் ட்ரைவர் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கலாம் என்று நினைத்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஸ்க்ரூ தலை முறிந்தால் மிச்சத்தை எடுக்க ஆகும் செலவு ட்ரைவரின் விலையைவிட அதிகம்.

1. காலி செய்வது

முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறிவிடும். அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை எல்லாம் வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு, ஸ்லைடை மட்டும் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

2. பசை இல்லாமல் ஒருமுறை

க்ளாக்கின் எம்ஓஎஸ் முறை 2015-இல் வந்தது. இதில் ரெட் டாட் நேராக ஸ்லைடில் உட்காருவதில்லை. இடையில் ஒரு ப்ளேட் உண்டு. ப்ளேட்டை ஸ்லைடில் பிடிக்க இரண்டு ஸ்க்ரூ, ரெட் டாட்டை ப்ளேட்டில் பிடிக்க வேறு இரண்டு. ஆக, தளர்வதற்கு நான்கு இடம். ஆர்எம்ஆருக்கு 02 என்று எண் போட்ட ப்ளேட்.

ப்ளேட்டின் மேலுள்ள குமிழ்கள் ரெட் டாட்டின் அடியிலுள்ள குழிகளில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஸ்க்ரூ போடாமல் ரெட் டாட்டை வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சூட்டின் இடி முழுவதும் ஸ்க்ரூவின் மேல் குறுக்காக விழும். ஸ்க்ரூவின் வேலை அழுத்திப் பிடிப்பது. குறுக்கடி வாங்குவது குமிழின் வேலை. ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தால், இன்னும் நெருக்கமாகக் கடைந்த வேறு ப்ளேட் வாங்குவதுதான் வழி.

ஆர்எம்ஆருக்கு மட்டும் ஒரு விஷயம்: அதன் பேட்டரி அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதை மூட ஒரு மெல்லிய சீலிங் ப்ளேட் வேண்டும். அது இல்லாமல் எம்ஓஎஸ் ப்ளேட்டில் வைத்தால் தண்ணீர் புகும், பேட்டரியின் தொடர்பும் நிச்சயமில்லை.

3. ஸ்க்ரூவின் நீளம்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பெட்டியில் வரும் பையில் பல நீளத்தில் ஸ்க்ரூக்கள் இருக்கும், மில்லிமீட்டர் மரையும் அங்குல மரையும் கலந்திருக்கும். விரலால் முதல் இரண்டு சுற்று லேசாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் அது வேறு மரை. அழுத்தித் திருகினால் ப்ளேட் பாழ்.

ஸ்க்ரூ குட்டையாக இருந்தால் மரையில் மூன்று சுற்றுதான் பிடிக்கும். வகுப்பின் நடுவில் ப்ளேட்டின் மரையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். ரெட் டாட்டின் வழியாக ஸ்க்ரூவைத் திருகும்போது சுற்றை எண்ணுங்கள். ஐந்து சுற்று பிடித்தால் நிம்மதி.

நீளமாக இருந்தால் வேறு வம்பு. ரெட் டாட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ ப்ளேட்டைத் தாண்டி ஸ்லைடின் உலோகத்தில் போய் முட்டும். டார்க் ட்ரைவர் ‘க்ளிக்’ என்று சொல்லும், உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் ஸ்க்ரூ இறுகியது ஸ்லைடின் மேல், ரெட் டாட்டின் மேல் அழுத்தமே விழுந்திருக்காது. இறுக்கிய பிறகு கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தலைமுடி அளவு நகர்ந்தாலும் ஸ்க்ரூ நீளம்.

ப்ளேட்டை ஸ்லைடில் பிடிக்கும் வலப்பக்க ஸ்க்ரூவிலும் இதே ஆபத்து உண்டு. அந்தத் துளைக்குக் கீழே எக்ஸ்ட்ராக்டரை (காலிக் கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி) அழுத்தும் ஸ்பிரிங்கின் பாதை ஓடுகிறது. ஸ்க்ரூ கொஞ்சம் நீண்டால் அதை நெரிக்கும். எக்ஸ்ட்ராக்டர் மந்தமாகி, காலிக் கூடுகள் அறையிலேயே தங்கும், அல்லது கூடு வெளியே தெறிக்கும் எஜெக்ஷன் வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கும். “ரெட் டாட் போட்டதிலிருந்து துப்பாக்கி ஜாம் ஆகிறது” என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சோதனை எளிது. பிளாஸ்டிக் குச்சியால் எக்ஸ்ட்ராக்டரின் நகத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடுங்கள். டப்பென்று திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டது.

4. சுத்தம், பசை, இறுக்கம்

புது ஸ்க்ரூவிலும் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். எண்ணெய் மேல் த்ரெட்லாக்கர் பிடிக்காது. ஸ்க்ரூ, துளை, ப்ளேட்டின் இரண்டு பக்கம், ரெட் டாட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைத்து ஐந்து நிமிடம் காயவிடுங்கள். புது பேட்டரியை இப்போதே போட்டுவிடுங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசி வரும் பேட்டரிகள் சில கருவிகளில் தொடர்பு சரியாகக் கொடுப்பதில்லை. பூச்சில்லாததை வாங்குவது நல்லது.

த்ரெட்லாக்கர் ஸ்க்ரூவின் மரையில் ஒரு சிறு துளி போதும். துளைக்குள் ஊற்றாதீர்கள், வழிந்து எக்ஸ்ட்ராக்டர் பாதைக்குள் போய் அங்கேயும் ஒட்டும். சிவப்பு நிற வகை வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

முதலில் ப்ளேட்டை ஸ்லைடில் இறுக்குங்கள், ப்ளேட் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு. பிறகு சீலிங் ப்ளேட்டோடு ரெட் டாட். ஆர்எம்ஆருக்கு ட்ரிஜிகான் சொல்லும் அளவு 12 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.36 நியூட்டன்-மீட்டர். ஒரு ஸ்க்ரூவை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். இடது பாதி, வலது பாதி, இடது முழு, வலது முழு. ‘க்ளிக்’ வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். “இன்னும் கொஞ்சம்” என்று திருகுகிற கைதான் ஸ்க்ரூவை முறிக்கிறது.

ஸ்க்ரூ தலையிலிருந்து ரெட் டாட்டின் உடல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய நேர்கோடு போடுங்கள். ஸ்க்ரூ கொஞ்சம் சுழன்றாலும் கோடு உடைந்து தெரியும். பிறகு 24 மணி நேரம் அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

5. ஜீரோ

ஜீரோ என்றால் புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வது. தாங்கி மேல் கையை வைத்து, ஸ்லைடு எதிலும் உரசாமல், முதலில் 10 கஜத்தில் ஐந்து தோட்டா. குண்டுக் கூட்டத்தின் நடுவைக் கணக்கில் எடுங்கள், தனியாகத் தெறித்த ஒன்றை விடுங்கள். ஆர்எம்ஆரில் புள்ளியை நகர்த்தும் திருத்த ஸ்க்ரூவின் ஒரு க்ளிக் 1 எம்ஓஏ (சிறு கோண அளவு). 10 கஜத்தில் சுமார் 0.1 அங்குலம், 25 கஜத்தில் சுமார் 0.26 அங்குலம். எனவே 10 கஜத்தில் குண்டு ஒரு அங்குலம் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் பத்து க்ளிக். முடிந்தபின் 25 கஜத்துக்குப் போய் நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள்.

25 கஜத்தில் ஜீரோ செய்த துப்பாக்கி 3 கஜத்தில் சுமார் ஒரு அங்குலம் கீழே அடிக்கும். கண்ணாடி குழலைவிட அந்த அளவு உயரத்தில் இருப்பதால் வருவது அது, கோளாறு இல்லை. வகுப்பில் கிட்டத்துப் பயிற்சியின்போது பதறி அந்தத் திருத்த ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள்.

6. 200 தோட்டா

வகுப்புக்கு எடுத்துப்போகும் அதே தோட்டா, அதே மேகசின்கள், 200 சூடு. ஆர்எம்ஆரின் எடை பேட்டரியோடு 34 கிராம்தான். 9 மிமீ க்ளாக் அதைத் தாராளமாகச் சுமக்கும். என்றாலும் வலுக்குறைந்த மலிவுத் தோட்டாவில் ஸ்லைடு சோம்பலாக ஓடி, காலிக் கூடு ரெட் டாட்டில் பட்டுத் திரும்பி உள்ளே விழுவதுண்டு. உடலின் முன்பக்கத்திலோ வலப்பக்கத்திலோ பித்தளை நிறத்தில் கீறல் இருந்தால் அதுதான் நடக்கிறது. தோட்டாவை மாற்றிப் பாருங்கள். மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். ஜாம் எல்லாம் 3-ஆம் எண்ணிலேயே வந்தால் ரெட் டாட்டுக்குச் சம்பந்தமில்லை.

உறையையும் இப்போதே சோதியுங்கள். ரெட் டாட்டுக்கு இடம் வெட்டாத பழைய உறையில் துப்பாக்கி முழுதும் இறங்காது.

வகுப்பு நடக்கும்போது

ஒவ்வொரு இடைவேளையிலும் பெயின்ட் கோட்டைப் பார்க்கலாம். ஆனால் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்க வேண்டுமானால் பயிற்சியாளரிடம் கேட்டு, அதற்கென ஒதுக்கிய மேசையில், தோட்டா இல்லாத இடத்தில் மட்டுமே. சுடும் வரிசையில் நின்றபடி குனிந்து நோண்டுவது எந்த வகுப்பிலும் ஏச்சு வாங்கித் தரும்.

புள்ளி மினுக்கினால் பேட்டரிதான் தீர்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆர்எம்ஆரில் பேட்டரியை மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பதே ரெட் டாட்டின் இறுக்கம்தான். ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு சூட்டிலும் தொடர்பு ஒரு நொடி விடுபடும். 2017-இல் வந்த டைப் 2-இல் பேட்டரித் தொடர்பைப் பலப்படுத்தினார்கள். ஆனால் தளர்ந்த ஸ்க்ரூவுக்கு அதுவும் ஈடுகொடுக்காது. முதலில் கோட்டைப் பாருங்கள், பிறகு பேட்டரி.

புள்ளி மங்கலாகவோ சிதறியோ தெரிந்தால் அழுக்கு. திறந்த வகை ரெட் டாட்டில் ஒளி கிளம்பும் சின்ன ஜன்னலின் மேல் ஒரு துளி எண்ணெயோ தண்ணீரோ நின்றால் போதும், புள்ளி நட்சத்திரமாக வெடிக்கும். ஸ்லைடுக்கு எண்ணெயைத் தாராளமாக விட்டவர்களுக்கு இது சனிக்கிழமை மதியமே வரும். ஈரக் காதுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் கரித்தூள் கண்ணாடியைக் கீறும். ஏசி காரிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிவதும் உண்டு. பத்து நிமிடம் முன்பே துப்பாக்கியை வெளி வெப்பத்துக்குப் பழக்கிவிட்டால் சரியாகிவிடும்.

முன்கண்ணாடி கரியால் மூடினாலும் சுட முடியும். இரண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பாருங்கள். ஒரு கண் புள்ளியையும் மறுகண் இலக்கையும் காட்ட, மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் பாடுதான். அந்தப் போட்டிகளில் ரெட் டாட் மாதிரியான ஆப்டிக்குக்கு அனுமதி இல்லை, முன்குறியையே உற்றுப் பார்த்துக் கண் பழகியிருக்கும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு, கண்ணாடியின் முன்பக்கம் டேப் ஒட்டிப் பயிற்சி செய்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

குண்டுகள் மெல்ல இடம்மாறினால், பயிற்சியாளரை அதே துப்பாக்கியால் ஐந்து சுடச் சொல்லுங்கள். அவருடையதும் அதே பக்கம் போனால் பொருத்தம் தளர்ந்திருக்கிறது. நடுவில் விழுந்தால் களைத்துப்போன உங்கள் விரல்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்யும் சாக்கில் ரெட் டாட்டைக் கழற்றாதீர்கள். கோடு உடையாமல் இருந்தால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆர்எம்ஆரில் பேட்டரி மாற்றவே அதைக் கழற்றியாக வேண்டும், கழற்றினால் ஜீரோவை மறுபடி சரிபார்க்க வேண்டும். எனவே பேட்டரி போட்ட தேதியைத் துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டி, வருடம் ஒருமுறை அதே மாதத்தில் மாற்றிவிடுங்கள்.