சின்னத் தீவு, சின்னச் சபை: ஊழியத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரீபியன் தீவான டொமினிக்காவில் என் முதல் தவறு ஒரு பெட்டிக்கடையில் நடந்தது. உள்ளே போன வேகத்தில் "ஒரு ரொட்டி கொடுங்கள்" என்று கேட்டேன். கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் கேட்டேன். அந்த அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, நிதானமாக "குட் மார்னிங்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கே கடையோ, பேருந்தோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, எங்கே நுழைந்தாலும் இருக்கிற எல்லாருக்கும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். இருட்டிவிட்டால் "குட் நைட்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நாம் விடைபெறும்போது சொல்கிற வார்த்தை அது. இதைச் சொல்லாமல் நுழைகிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்றுதான் நினைப்பார்கள். சனிக்கிழமை கடையில் அப்படி நடந்துகொண்டவர் ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் எப்படி எடுபடும்?

கரீபியன் பக்கம் ஊழியத்துக்குப் போகலாமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இருபது, முப்பது பேர் கூடுகிற ஒரு கிராமத்துச் சபையில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. பின்னதில் பேசுவது ஸ்பானிஷ். நான் சொல்வது 750 சதுர கிலோமீட்டரில் மலையும் ஆறுமாக, சுமார் எழுபதாயிரம் பேர் வாழும் தீவு. 1493 நவம்பர் 3-ஆம் தேதி கொலம்பஸ் அதைக் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால் அந்தப் பெயர். அங்கே முன்பிருந்தே வாழும் கலினாகோ மக்கள் வைத்த பெயர் வைதுகுபுலி. ஊரிலிருந்து பார்சல் அனுப்புகிறவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள், பெட்டி வேறு நாட்டுக்குப் போய்விடும்.

பெரிய தவறு மனசுக்குள் நடக்கிறது. சுவிசேஷத்தை நாம்தான் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பு. நம் கன்வென்ஷன் மேடைகளில் அடிக்கடி ஒரு கதை சொல்வார்கள். மொரேவியர் என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டு கரீபியனுக்குப் போனார்களாம். நானும் அதைக் கேட்டு அழுதவன்தான். உண்மை என்னவென்றால், குயவரான லியோனார்ட் டோபரும் தச்சரான டேவிட் நிட்ச்மனும் 1732 ஆகஸ்டில் ஜெர்மனியில் மொரேவியர் வாழ்ந்த ஹெர்ன்ஹட்டிலிருந்து கிளம்பி, டிசம்பரில் கரீபியனின் செயின்ட் தாமஸ் தீவில் இறங்கினார்கள். அடிமையாகவும் தயார் என்றார்கள், ஆனால் வெள்ளையருக்கு அது நடக்கிற காரியம் இல்லை. நிட்ச்மன் தச்சு வேலை செய்துதான் சாப்பாட்டுக்கு வழி பண்ணினார். அந்தத் தீவு அப்போது டென்மார்க்கின் காலனி. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியதும் அதே டென்மார்க்கின் ராஜாதான். ஹெர்ன்ஹட்டின் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தரங்கம்பாடி ஊழியத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்.

அந்தக் கதையில் விட்டுப்போனவர்களைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமையாகப் பிறந்து விடுதலையான ரெபேக்கா என்ற இளம்பெண் செயின்ட் தாமஸில் தோட்டம் தோட்டமாக நடந்து அடிமைப் பெண்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். அங்கே சபை வளர்ந்ததில் அவருக்கு இருந்த பங்கை நம் மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது: சில வருஷங்களிலேயே அந்த மிஷன் ஒரு தோட்டத்தை வாங்கி, அதில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியது.

அதோடு 1807-ல் லண்டனில் அச்சான ஒரு வேதாகமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே வெட்டித் தொகுத்தது. யோசேப்பு எகிப்தில் அடிமையாக இருந்த கதை அதில் உண்டு. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய கதை இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனமும் இல்லை. அங்கே போய் எபேசியர் 6:5-ஐ எடுத்து, எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி யோசிக்காமல் பேசிவிடாதீர்கள். 1834-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தும், 1838 ஆகஸ்ட் 1-ல்தான் முழு விடுதலை கிடைத்தது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள். வெட்டி எடுக்கப்பட்ட பக்கங்களையும் தாண்டி விசுவாசத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்று போங்கள்.

மொழி விஷயம் இதோடு சேர்ந்ததுதான். ஆட்சிமொழி ஆங்கிலம், அதனால் சமாளித்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் வீட்டில், வயலில், வலியில் பெரியவர்கள் பேசுவது பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல். அதை 'உடைந்த பிரெஞ்சு' என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசியதற்காக அடி வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "சா கா ஃபெட்?" என்று நலம் விசாரிக்கவும், "மெசி" என்று நன்றி சொல்லவும் முதல் வாரத்திலேயே பழகிவிடலாம். தெற்கே செயின்ட் லூசியாவில் 1999-ல் வெளிவந்த கிரியோல் புதிய ஏற்பாடு இவர்களுக்கும் புரியும். எங்கள் சபையில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டிக்கு அதிலிருந்து தட்டுத்தடுமாறி ஒரு பகுதி வாசித்தேன். என் உச்சரிப்பை மூன்று இடத்தில் திருத்தினார். பிறகு "போன்ஜே" என்று தொடங்கி அவரே ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். போன்ஜே என்றால் கடவுள். அதுவரை ஒரு வருஷமாக அவருக்காக நான்தான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

உடை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரைத் தீவுதானே என்று டி-ஷர்ட்டோடு ஆராதனைக்குப் போகாதீர்கள். வயதான பெண்கள் தொப்பி வைத்து, இஸ்திரி போட்ட உடையில் வருவார்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணியைப் பொதுமக்கள் உடுத்துவது அங்கே சட்டவிரோதம், பிள்ளைகளுக்கும்தான். அப்புறம், அக்டோபர் கடைசியில் கிரியோல் நாள் வரும்போது எல்லாரும் கட்டம் போட்ட துணி உடுத்துவார்கள். அதன் பெயரே மதராஸ். கப்பலில் நம் ஊரிலிருந்து போன துணி அவர்களுடைய தேசிய உடையாகிவிட்டது. அன்றைக்கு ஒரு முழம் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள்.

பணத்தில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. 2017 செப்டம்பர் 18 ராத்திரி மரியா புயல் மணிக்கு 260 கிலோமீட்டருக்கும் அதிகமான காற்று வேகத்தோடு தீவைத் தாக்கியது. பெரும்பாலான கூரைகள் போய்விட்டன. நான் போனபோதும் எங்கள் கோயில் மேல் நீலத் தார்ப்பாய்தான். ஊரில் நண்பர்களிடம் பணம் திரட்டி, நகரத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்து கூரை போட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. பிரதிஷ்டை அன்றைக்கு மூப்பர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேருக்குத் தச்சு வேலை தெரியும். அங்கே கூத்மென் என்று ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டவோ, நிலம் திருத்தவோ ஊரே கூடிக் கை கொடுக்கும். ஒரு பக்கம் பெரிய பானையில் மீன், சேம்பு, பச்சை வாழைக்காய், மாவு உருண்டை எல்லாம் போட்டு பிராஃப் கொதிக்கும். கூரையோடு அந்த நாளையும் நான் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டேன். மறு வருஷம் சுற்றுச்சுவருக்கு சிமெண்ட் மட்டும் வாங்கினோம், மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். புயலைப் பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கிப்பதும் வேண்டாம். அந்த ராத்திரியில் ஆற்றோடு போனவர்களின் தாய்மார் முன் பெஞ்சில் இருப்பார்கள்.

ஊழிய அறிக்கையிலும் கவனம் வேண்டும். ஒரு குடும்பத்தின் பலகை வீட்டைப் படம் எடுத்து, 'வறுமையில் வாடும் விசுவாசிகள்' என்று ஃபேஸ்புக்கில் தமிழில் போட்டேன். யாருக்குப் புரியப்போகிறது என்ற எண்ணம். மொழிபெயர்க்கும் பொத்தான் இருக்கிறதே. அந்த அக்கா வாசித்துவிட்டார். "அது என் அப்பா கட்டிய வீடு" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. தீவு சின்னது, எல்லாரும் சொந்தக்காரர்கள். ஒரு வீட்டு ஜெபக்குறிப்பை அடுத்த வீட்டில் சொன்னாலே சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, தலை எண்ணாதீர்கள். ஞானஸ்நானம் எடுத்த பையன் ஆறு மாதத்தில் வேலை தேடி குவாதலூப்புக்கோ ஆன்டிகுவாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுவான். சபை வளரவில்லையே என்று நான் சோர்ந்துபோனதுண்டு. யாராவது இறந்தால்தான் அந்தச் சபையின் முழு அளவு தெரியும். மரண அறிவிப்பை வானொலியில் வாசிப்பார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இருக்கும் நாடுகள் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அவர்கள் வந்து சேரும் வரை அடக்கத்தைத் தள்ளி வைப்பார்கள். வாரக்கணக்கில் ஆனாலும் காத்திருப்பார்கள். அந்த நாட்களில் வெளியூர்க் கூட்டம் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். துக்க வீட்டில் தினமும் ராத்திரி போய் உட்காருங்கள். பாட்டு அவர்களே ஆரம்பிப்பார்கள்.