விசா விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

என் சித்தி முதன்முறை அமெரிக்க விசாவுக்குப் போனபோது கையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. வீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம், மகளின் கல்யாணப் புகைப்படம் வரை எல்லாம் அதில் அடக்கம். மகளுக்கு அங்கே பிரசவம். ஆனால் ஏஜென்ட், "பிரசவம் என்று வாயைத் திறக்காதீர்கள், ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள்" என்று ஓதி அனுப்பியிருந்தார். எந்தெந்த ஊர் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். சித்திக்கு ஓர் ஊரின் பெயரும் வரவில்லை. மூன்றே நிமிடம், கோப்பைத் திறக்கவே சொல்லவில்லை. கட்டிய 185 டாலர் போனது போனதுதான்.

இத்தனைக்கும் மகளைப் பார்க்கப் போவது பி-2 விசாவுக்கு முழுக்கப் பொருந்துகிற காரணம். சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது, சிகிச்சை எல்லாம் அதற்குள் வருகின்றன. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட நினைப்பவராகத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. எதற்குப் போகிறோம், யார் செலவு செய்கிறார்கள், ஏன் திரும்பி வருவோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் படிவமும் வாயும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சித்தி தமிழிலேயே சொன்னார்: "மகளுக்குப் பேறுகாலம். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்துவிடுவேன். இங்கே வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது." விசா கிடைத்தது.

அந்த இரண்டாம் முறையில் இன்னொரு பொறி இருந்தது. இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதுண்டா என்று அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கேட்கும். "இல்லை என்று போட்டுவிடலாம்" என்றார் அதே ஏஜென்ட். மறுப்பு ஒரு குற்றமல்ல. அதை மறைப்பதுதான் குற்றம். பொய்த் தகவல் தந்து பிடிபட்டால் கனடாவில் ஐந்து ஆண்டு, பிரிட்டனில் பத்து ஆண்டு வரை கதவு மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் ஆயுளுக்கும் தடை வரலாம். இந்த மூன்று நாடுகளும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடன் சேர்ந்து விண்ணப்பதாரர்களின் விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. படிவத்தை யார் நிரப்பினாலும் உறுதிமொழி நம்முடையது. நிரப்பியதை ஒருமுறை வரிக்கு வரி வாசிக்காமல் சமர்ப்பிக்க விடக்கூடாது.

வங்கிக் கணக்கு விஷயத்திலும் இதே கோளாறுதான். ஆறு மாதமாக நாற்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கில், விண்ணப்பிக்கிற வாரம் மட்டும் ஆறு லட்சம் வந்து உட்காரும். மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியது. விசா வந்ததும் திரும்பிப் போய்விடும். அதிகாரியின் கண் கடைசி வரியில் இருக்கும் மீதித் தொகையில் நிற்பதில்லை. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, வாடகை எப்போது போகிறது, இந்த ஆறு லட்சம் எங்கிருந்து குதித்தது என்று பார்க்கிறது. கணக்கில் குறைவாக இருந்து, மகன் செலவை ஏற்கிறார் என்றால் அதையே கடிதமாக எழுதி, மகனின் சம்பளச் சீட்டையும் வைப்பது மேல். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரத்தின் நகலை இணைத்தால் போதும்.

ஐரோப்பியப் பயணத்தில் சறுக்குவது வேறு இடத்தில். ஒரே ஷெங்கன் விசாவில் 29 நாடுகளுக்குப் போகலாம் என்பதால், எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே நுழைந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பாரிஸில் மூன்று நாள், சுவிட்சர்லாந்தில் ஆறு, இத்தாலியில் மூன்று என்றால் சுவிட்சர்லாந்திடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொள்ளக் கூடாது. கோடை விடுமுறைக்கு ஏப்ரலில் தேதி தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது.

இனி நமக்கென்றே வாய்த்த தலைவலி: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை; அப்பா பெயரின் முதலெழுத்து போதும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். பலர் அதையும் விட்டுவிட்டு, செந்தில் என்று ஒற்றைப் பெயரோடு நிற்கிறார்கள். சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக எஃப்என்யு என்று ஏறும். அங்கே போனபின் வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் "மிஸ்டர் எஃப்என்யு" ஆகிவிட்டவர்கள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை ஏற்க மறுத்தபோது, துபாய் டிக்கெட் எடுத்திருந்த பலர் திண்டாடினார்கள். பயணத் திட்டமே இல்லாத நாளில் பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்து வைத்துக்கொள்வது நல்லது. அப்போதே காலாவதித் தேதியையும் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் கேட்கும்.

விசா வேண்டாத நாடு என்றால் எதுவுமே வேண்டாம் என்று பொருளில்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. ஆனால் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறான குழப்பம்: வருகை அட்டையை நிரப்பிவிட்டு அதையே விசா என்று நம்பிவிடுகிறார்கள். அங்கே நமக்கு விசாவும் தனியாக வேண்டும்.

இதுவரை சொன்ன தவறுகளால் பணமும் நேரமும் போகும். வேலைக்குப் போகிறவர் சுற்றுலா விசாவில் ஏறினால் உயிருக்கே உலை வைக்கலாம். "இறங்கியதும் மாற்றித் தந்துவிடுவார்கள்" என்ற ஒரே வாக்கியத்தை நம்பி, கணினி வேலை என்று கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போனவர்கள், இணைய மோசடிக் கூடாரங்களில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து அடைபட்டதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறிக்கப்பட்ட) பாஸ்போர்ட்டுக்கு, வளைகுடா உட்பட 18 நாடுகளில் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை. சுற்றுலாவுக்குப் போனால் அது தேவையில்லை. தரகர்கள் நுழையும் ஓட்டை இதுதான். அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு செய்த முகவரா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வேலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் பணம் கட்ட வேண்டாம்.

சித்தி பத்து ஆண்டு விசாவோடு போய் இறங்கினார். பத்து ஆண்டும் தங்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. விசாவில் இருக்கும் தேதி கதவைத் தட்டுவதற்கான கெடு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் அதிகாரி முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம். எதுவரை தங்கலாம் என்ற தேதி ஐ-94 எனும் அமெரிக்க வருகைப் பதிவில் இருக்கும். மகள் அதை இணையத்தில் எடுத்து அச்சிட்டு, தொட்டிலுக்கு மேலே குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.