ஓவன் சென்சாரை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் இருக்கும் என் அக்கா வீட்டு ஓவனில், 40 நிமிடத்தில் வேக வேண்டிய கேக் ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் மாவாகவே இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் "சூட்டை அளக்கும் சென்சார் போயிருக்கும், மாத்திடுங்க" என்றார்கள். அக்காவும் புது சென்சார் வாங்கி மாட்டினார். ஆனால் கேக் வேகவில்லை. நான் போயிருந்தபோது சென்சாரின் வயரை மறுபடி வெளியே இழுத்துப் பார்த்தோம். சென்சார் வந்து சேரும் பிளக்கில், ஓவன் பக்கத்துப் பாதியில் ஒரு உலோகப் பின் கருகிக் கறுத்திருந்தது. பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

அளந்து பார்க்காமல் பாகம் வாங்குவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஓவன் சரியாகச் சூடாகாததற்கு அடி எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) எரிந்துபோனது காரணமாக இருக்கலாம், கதவின் கேஸ்கெட் (சூடு வெளியே போகாமல் அடைக்கும் பட்டை) தளர்ந்திருக்கலாம், கேஸ் ஓவன் என்றால் கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் பலவீனமாகியிருக்கலாம். அணைத்த பிறகும் ஓவன் சூடாகிக்கொண்டே போனால் ஓவனை இயக்கும் மின்பலகையான போர்டில் ரிலே (எலிமென்ட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது உடனே பிரேக்கரை இறக்கிவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. ஓவன் ஒரே சூட்டில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 350 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தால் சில சமயம் 335 காட்டும், சில சமயம் 370 காட்டும். கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாக நாலைந்து சுற்று பார்த்து, உச்சத்தையும் அடியையும் எழுதிச் சராசரி எடுங்கள். எப்போதும் ஒரே அளவாக 15, 20 டிகிரி குறைந்தால் பேனலிலேயே திருத்தும் வசதி பெரும்பாலான மாடல்களில் உண்டு. பாகம் எதுவும் மாற்ற வேண்டாம்.

சரி, சென்சார் மேல்தான் சந்தேகம் என்றால் முதலில் மின்சாரம். பேனலில் 'ஆஃப்' அழுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கே மின்சார ஓவனுக்கு வருவது 240 வோல்ட். அதற்கான இரட்டை பிரேக்கரை இறக்குங்கள், முடிந்தால் பிளக்கையும் உருவுங்கள். பின்பக்கம் போக அடுப்பையே நகர்த்தினால், அது முன்பக்கம் கவிழாமல் தரையில் பிடித்து வைக்கும் கொக்கியில் பின்காலைத் திரும்ப மாட்ட மறக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம்.

இனி அளவு. டிஜிட்டல் பேனல் உள்ள வட அமெரிக்க ஓவன்களில் பெரும்பாலும் இருப்பது பிளாட்டினம் சென்சார். 0 டிகிரி செல்சியஸில் 1000 ஓம் மின்தடை காட்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 3.85 ஓம் ஏறும். அதனால் சாதாரண அறைச் சூட்டில் 1080 முதல் 1100 வரை வர வேண்டும். இங்கே பலரும் பிளக்கைக் கழற்றாமலே மல்டிமீட்டரை (ஓம் அளக்கும் கருவி) வைத்துவிடுகிறார்கள். அப்போது போர்டும் சேர்ந்து அளவில் வந்து, எண் பொய்யாகிவிடும். நன்றாக ஆறாத ஓவனில் அளந்துவிட்டு 'அளவு கூடுது' என்று பயப்படுபவர்களும் உண்டு. இன்னும் சந்தேகமா? கழற்றிய சென்சாரின் நுனியை மட்டும் ஐஸ் தண்ணீரில் வையுங்கள்: 1000 பக்கம் வரும். கொதிக்கும் தண்ணீரில் 1385 பக்கம் வரும். திரும்ப மாட்டும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஒவ்வொரு வயருக்கும் உலோகக் குழாய்க்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. அப்புறம், சென்சார் பிளக்கைத் திரும்பச் சேர்த்து, வயரின் மறுமுனையைப் போர்டிலிருந்து கழற்றி அங்கேயும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். அக்கா வீட்டில் சென்சாரில் 1092, போர்டு முனையில் 1180. கருகிய அந்த உலோகப் பின் சேர்த்த கூடுதல் ஓம், ஓவனுக்குள் உண்மையில் இருப்பதைவிட 20 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமாகச் சூடு கூடியிருப்பதாகப் போர்டை நம்ப வைத்தது. அதனால் எலிமென்ட் சீக்கிரமே அணைந்துகொண்டிருந்தது.

எல்லா ஓவனிலும் இதே எண் வராது, வேறு அளவுள்ள சென்சார்களும் இருக்கின்றன. குமிழ் திருகும் சாதாரண ஓடிஜியில் இந்த மாதிரி சென்சாரே கிடையாது, அதன் தெர்மோஸ்டாட் வேறு வகை. உங்கள் ஓவனின் டெக்னிக்கல் தாள் பல சமயம் பேனலுக்குள்ளேயோ கீழ் டிராயருக்குப் பின்னாலோ மடித்து வைக்கப்பட்டிருக்கும். தேடிப் பாருங்கள். பாகம் வாங்கும்போது கதவின் ஓரச்சட்டத்தில் இருக்கும் மாடல் எண்ணை வைத்தே வாங்குங்கள், 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்பதை நம்ப வேண்டாம்.

கழற்றும்போது இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு மெதுவாக இழுங்கள். பழைய பிளக்கைப் பிரிக்கும் முன் ஓவன் பக்கத்து வயரில் ஒரு நூலைக் கட்டுங்கள். கை நழுவினால் வயர் சுவருக்குப் பின்னால் போய்விடும், அப்புறம் பின் தகட்டையே கழற்ற வேண்டியதுதான். கண்ணாடி இழைப் பஞ்சு கையில் குத்தும், கையுறை போடுங்கள். வயரை வெட்டி இணைக்க நேர்ந்தால் சாதாரண டேப்பும் பிளாஸ்டிக் கனெக்டரும் அந்தச் சூட்டில் உருகிவிடும். சூடு தாங்கும் வயரும் பீங்கான் கனெக்டரும்தான் வேண்டும். மாட்டிய பிறகு சென்சார் குழாய் பின்சுவரிலோ கம்பித் தட்டிலோ படாமல் இருக்கட்டும்.

நாங்கள் பிளக்கை மாற்றி, இரண்டு முனையிலும் 1092 வந்ததும் ஓவனைப் போட்டோம். முதல் தட்டு பிஸ்கட் அடியில் கருகியது. சூடு போதாமல் இருந்த நாட்களில் அக்கா பேனலில் 30 டிகிரி கூட்டி வைத்திருந்தார், அது அப்படியே இருந்தது. அதைப் பூஜ்யமாக்கிவிட்டு அடுத்த தட்டை வைத்தோம்.