பரம்பா தொகுதியோட ஓட்டு வரலாறு: டேபிளை பாத்து ஏமாறாதீங்க

ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல பரம்பான்னு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்துச்சு. 1950-ல உருவாச்சு, 2001 தேர்தலோட மேப்ல இருந்து காணாம போச்சு. பிரிஸ்பேன்ல இருந்து வடமேற்கா 200 கிலோமீட்டருக்கு மேல போனா கிங்கராய்னு ஒரு ஊர் வரும், வேர்க்கடலைக்கு பேர் போன ஊர், கடலை சேத்து வைக்கற பெரிய பெரிய சைலோதான் அந்த ஊருக்கே அடையாளம். அதை சுத்தி இருக்கற விவசாய பூமிதான் இந்தத் தொகுதி.

51 வருஷத்துல மொத்தமே மூணு பேர்தான் இங்க எம்எல்ஏவா இருந்திருக்காங்க. ஜோ பியெல்கி பீட்டர்சன், ட்ரெவர் பெர்ரட், டோரதி பிராட். மூணு பேர் இருக்கற டேபிளை படிக்கறதுல என்ன பெரிய தப்பு வந்துடப் போகுதுன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா இந்த சின்ன டேபிளை வெச்சுக்கிட்டு என்னென்னவோ தப்பா சொல்றாங்க, முதல் தடவை படிச்சப்போ நானே ரெண்டு மூணு எடத்துல கோட்டை விட்டேன்.

நான் விட்ட கோட்டை எதுன்னா, பொதுத்தேர்தல் முடிவுகளை மட்டும் வரிசையா பாத்தது. 1986-ல ஜோவோட நேஷனல் கட்சி ஜெயிச்சிருக்கு, 1989-லயும் நேஷனல் கட்சிதான், அப்புறம் 1992, 1995 எல்லாமே அதே. சரி இது அவங்க கோட்டை, 1998 வரைக்கும் அசைக்கவே முடியலன்னு எழுதி வெச்சுட்டேன். நடுவுல 1988 ஏப்ரல்ல ஒரு இடைத்தேர்தல் நடந்திருக்கு, அதை பாக்கவே இல்ல. மாநிலத்தோட பிரீமியரா (நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி) 1968 ஆகஸ்ட்ல இருந்து 19 வருஷத்துக்கு மேல இருந்த ஜோ, சொந்தக் கட்சிக்காரங்களே எதிர்த்து நின்னதால 1987 டிசம்பர் 1-ம் தேதி பதவியை விட்டார், சட்டமன்றத்தையும் விட்டார். அந்த காலி எடத்துக்கு வந்த இடைத்தேர்தல்ல அவர் கட்சியே தோத்துப்போச்சு! ஜெயிச்சது சிட்டிசன்ஸ் எலெக்டோரல் கவுன்சில்னு பெரும்பாலானவங்க கேள்விப்பட்டிருக்காத ஒரு புது அமைப்போட வேட்பாளர், அவர்தான் ட்ரெவர் பெர்ரட். பிரீமியரோட சொந்தத் தொகுதி, அதுவும் அவர் போன சில மாசத்துலயே. ஆனா அதே வருஷக் கடைசியில பெர்ரட் நேஷனல் கட்சியிலயே போய் சேந்துட்டார், 1989-ல அந்தக் கட்சி வேட்பாளராவே நின்னு ஜெயிச்சார். அதனாலதான் 1986-ஐயும் 1989-ஐயும் மட்டும் பாக்கறவனுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியுது. இடைத்தேர்தலை தனியா தேடிப் பாக்காம எந்தத் தொகுதிக்கும் "தொடர்ந்து இத்தனை வருஷம்"னு எழுதாதீங்க.

இதுலயே இன்னொரு வழுக்கல் இருக்கு. நேஷனல் தோத்துச்சுன்னா எதிர்க்கட்சியான லேபர் வளந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. 1988-ல விழுந்தது லேபருக்கான ஓட்டு இல்ல, வலதுசாரிப் பக்கமே இருந்த விவசாயிங்க தங்களோட சொந்தக் கட்சி மேல காட்டின கோபம். ரெண்டு பெரிய கட்சியை மட்டும் தராசுல வெச்சு பாக்கற பழக்கம் இருந்தா இந்தத் தொகுதியில எதுவுமே புரியாது.

அந்த இடைத்தேர்தல்ல தோத்த நேஷனல் வேட்பாளர் யார் தெரியுமா, வாரன் ட்ரஸ். அப்போ கிங்கராய் ஷயர் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றத்தோட தலைவரா இருந்தவர். ரெண்டே வருஷத்துல 1990-ல வைட் பே தொகுதியில ஜெயிச்சு ஃபெடரல் பார்லிமென்டுக்கு போய், 2013-ல ஆஸ்திரேலியாவோட துணைப் பிரதமராவும் ஆயிட்டார். இதை படிச்சுட்டு பரம்பா மக்கள் ஒதுக்கினவரை பக்கத்துத் தொகுதி ஜெயிக்க வெச்சுதுன்னு எழுதினா அது தப்பு. பரம்பா மாநில சட்டமன்றத்துக்கான தொகுதி, வைட் பே ஃபெடரல் தொகுதி, ரெண்டுக்கும் எல்லைக்கோடு வேற, வரையற அமைப்பு வேற. ஒரே வீட்டுக்காரர் ரெண்டு தொகுதியிலயும் வோட்டர்தான். மாநில முடிவையும் ஃபெடரல் முடிவையும் ஒரே நூல்ல கோக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது, ரெண்டையும் தனித்தனி நோட்டா வெச்சுக்கோங்க.

சரி ஜோ கதைக்கு வருவோம். அவர் 40 வருஷம் பரம்பா எம்எல்ஏன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. சட்டமன்றத்துல அவர் இருந்தது 40 வருஷம், அது சரி. ஆனா 1947-ல அவர் முதல்ல ஜெயிச்சது நனாங்கோ தொகுதியில. 1950-ல தொகுதி மறுவரையறை வந்து நனாங்கோ போய் பரம்பா வந்தப்போ இவரும் இங்க மாறினார். கட்சிப் பேர்லயும் இதே குழப்பம், 1972 வரைக்கும் டேபிள்ல கன்ட்ரி கட்சின்னு இருக்கும், 1974-ல இருந்து நேஷனல்னு இருக்கும். ஐயா கட்சி மாறிட்டார் போலன்னு நினைக்காதீங்க, குயின்ஸ்லாந்துல கட்சிதான் பேரை மாத்திக்கிச்சு.

இப்போ கொஞ்சம் தலைவலி பிடிச்ச விஷயம், ஓட்டு எண்ணற முறை. இதை விட்டுட்டு சதவீதத்தை கம்பேர் பண்றதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்புன்னு நான் சொல்லுவேன். பரம்பா இருந்த 51 வருஷத்துல மூணு வேற வேற முறையில ஓட்டு எண்ணியிருக்காங்க. 1950-ல இருந்து 1960 வரைக்கும் யார் அதிக ஓட்டு வாங்கினாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, அவ்வளவுதான். 1963 தேர்தல்ல இருந்து ஓட்டுச்சீட்டுல இருக்கற எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3-ன்னு வரிசையா நம்பர் போட்டே ஆகணும், போடலன்னா செல்லாத ஓட்டு. கடைசியில இருக்கறவரை தூக்கிட்டு அவர் சீட்டுகளை ரெண்டாவது நம்பருக்கு மாத்தி மாத்தி எண்ணுவாங்க. அப்புறம் 1992-ல இருந்து இஷ்டம் இருந்தா நம்பர் போடு, ஒண்ணு மட்டும் போட்டாலும் செல்லும்னு ஆச்சு.

இதனால என்ன ஆகும்னா, 1957-ல ஒருத்தர் வாங்கின 55 சதவீதமும் 1977-ல கடைசி ரவுண்டுல வர்ற 55 சதவீதமும் 1998-ல வர்ற 55 சதவீதமும் (சும்மா கணக்குக்கு சொல்றேன்) ஒண்ணே கிடையாது. முதல்ல சொன்னது நேரா விழுந்த ஓட்டு. ரெண்டாவதுல மத்தவங்க சீட்டுல ரெண்டாவது மூணாவதா எழுதினதும் சேந்திருக்கு. மூணாவதுல நடுவுலயே நம்பர் தீந்துபோன சீட்டுகளை ஓரமா வெச்சுட்டு மிச்சத்துக்கு மட்டும் போட்ட சதவீதம், கீழ இருக்கற மொத்தமே சின்னதா ஆயிடும். அதனால கடைசி ரவுண்டு சதவீதத்தை அப்படியே எடுத்து "தொகுதியில பாதிக்கு மேல இவருக்கு ஆதரவு"ன்னு எழுதறது ரிஸ்க். 1950-கள் தேர்தலுக்கு யாராவது ரெண்டு கட்சி கணக்குன்னு ஒரு நம்பர் குடுத்தா அது பின்னாடி உக்காந்து போட்ட மதிப்பீடு, அன்னிக்கு யாரும் அப்படி எண்ணவே இல்ல.

ஓட்டுப்பதிவு சதவீதத்தை பாத்து ஆச்சரியப்படறதும் வேண்டாம். குயின்ஸ்லாந்துல 1915 தேர்தல்ல இருந்தே ஓட்டு போடறது கட்டாயம், ஆஸ்திரேலியாவுலயே முதல் மாநிலம் அதுதான். கூட்டம் வந்துச்சுன்னா அலை அடிச்சுச்சுன்னு இங்க சொல்ல முடியாது, வரலன்னா ஃபைன்.

அடுத்தது எல்லாருக்கும் பிடிச்ச சப்ஜெக்ட். ஜோ பேரை எடுத்தாலே "தொகுதி எல்லையை வளைச்சு வளைச்சு வரைஞ்சு ஆட்சியில உக்காந்தவர்"னு ஒரு வரி வந்துடும், அவர் பேரையும் ஜெரிமாண்டர்ங்கற வார்த்தையையும் ஒட்டி பியெல்கிமாண்டர்னு ஒரு பட்டப்பேரே உண்டு. முழுசா பொய்னு சொல்லல, ஆனா பாதிக்கு மேல கலந்து கட்டினது. எல்லைக்கோட்டை கோணலா வரையறது ஒரு வித்தை. ஒரு தொகுதியில பத்தாயிரம் வோட்டர், இன்னொண்ணுல அஞ்சாயிரத்துக்கும் கம்மி, ஆனா ரெண்டுக்கும் ஒரே ஒரு எம்எல்ஏன்னு வெக்கறது வேற வித்தை. குயின்ஸ்லாந்துல முக்கியமா நடந்தது ரெண்டாவதுதான். அதை ஆரம்பிச்சது ஜோ இல்ல, 1949-ல ஹான்லன் தலைமையில இருந்த லேபர் அரசு. மாநிலத்தை நாலு ஜோனா பிரிச்சு, நகரத்துக்கு ஒரு அளவு, தூரத்து மேற்குக்கு ஒரு அளவுன்னு வெச்சாங்க, 62 தொகுதியை 75 ஆக்கினாங்க. பரம்பாவே அந்த மறுவரையறையில பொறந்ததுதான்! 1950-ல லேபர் சுமார் 47 சதவீத ஓட்டுல 42 சீட் ஜெயிச்சுது. 1957-ல அப்போ லேபர் பிரீமியரா இருந்த கெயரை கட்சியை விட்டு நீக்கி லேபர் ரெண்டா உடைஞ்சதுக்கு அப்புறம் அதே ஏற்பாடு எதிர்ப்பக்கத்துக்கு கைக்கு வந்தது, அதை ஜோ காலத்துல இன்னும் கூர் தீட்டிக்கிட்டாங்க.

ஆனா பரம்பாவை இந்த கதைக்கு உதாரணமா காட்டாதீங்க. எல்லைக்கோட்டை எப்படி வரைஞ்சாலும் இங்க ஜோதான் ஜெயிச்சிருப்பார். ஏற்பாட்டோட பலன் தெரிஞ்சது மாநிலம் முழுக்க சீட்டை கூட்டிப் பாக்கறப்போ. 1972-ல லேபருக்கு 46 சதவீதத்துக்கு மேல ஓட்டு, சீட் 33. கன்ட்ரி கட்சிக்கு 20 சதவீதம், சீட் 26. லிபரலுக்கு 22 சதவீதம், சீட் 21. மூணாவதா வந்த கட்சித் தலைவர் பிரீமியர்! இதை காட்டி "அஞ்சுல ஒருத்தர் மட்டும் ஆதரிச்சவர்"னு எழுதறதும் முழு உண்மை இல்ல, ஏன்னா கன்ட்ரி கட்சி பிரிஸ்பேன் பக்கம் பெரும்பாலான எடத்துல நிக்கவே இல்ல, கூட்டணியில அது லிபரலோட ஏரியா. நிக்காத எடத்துல ஓட்டு எங்க இருந்து வரும். அநியாயம் இருந்துச்சு, ஆனா அந்த 20-ங்கற நம்பர் அநியாயத்தை கொஞ்சம் பெருசாக்கி காட்டுது.

1998-க்கு வரும்போது எல்லாரும் பரம்பா திடீர்னு பிச்சுக்கிட்டு ஒன் நேஷன் பக்கம் போயிடுச்சுன்னு எழுதுவாங்க. அந்த ஜூன் தேர்தல்ல பாலின் ஹான்சனோட ஒன் நேஷன் மாநிலம் முழுக்க 22 சதவீதத்துக்கு மேல ஓட்டும் 11 சீட்டும் வாங்கினது உண்மைதான், பரம்பால டோரதி பிராட் சிட்டிங் எம்எல்ஏவும் அதுக்கு முன்னாடி அமைச்சராவும் இருந்த பெர்ரட்டை தோற்கடிச்சாங்க. ஆனா திடீர்னுங்கறது 1988-ஐ மறந்தவங்க சொல்றது. பத்து வருஷம் முன்னாடி இதே ஜனங்க பேர் தெரியாத ஒரு அமைப்புக்கு ஓட்டு போட்டு நேஷனலை கவுத்தவங்கதான், அப்போ ஜெயிச்ச பெர்ரட்டே இப்போ நேஷனல் ஆளா நின்னு அதே மாதிரி ஓட்டுல கவுந்தார். எனக்கு இந்த டேபிள்லயே பிடிச்ச எடம் இதுதான்.

இத்தோட பரம்பா ஒன் நேஷன் தொகுதி ஆயிடுச்சுன்னும் முடிக்கக் கூடாது. 1999 முடியறதுக்குள்ள அந்த 11 பேர்ல ஒருத்தர் கூட அந்தக் கட்சியில இல்ல. பிராட் அந்த வருஷமே வெளிய வந்து சுயேச்சை ஆயிட்டாங்க. ஜெயிச்சப்போ இருந்த கட்சியும் பதவிக்காலம் முடியும்போது இருந்த கட்சியும் வேறன்னா ரெண்டையும் எழுதணும்.

கடைசியா, 2001-ல பரம்பா ஒழிஞ்சதும் அதோட கதையும் பிராட் கதையும் முடிஞ்சுதுன்னு கோடு போடறவங்க இருக்காங்க. எல்லையை கொஞ்சம் மாத்தி 1950-ல போன அதே நனாங்கோ பேரை திரும்ப கொண்டு வந்தாங்க, பிராட் அங்க சுயேச்சையா நின்னு ஜெயிச்சு 2012 வரைக்கும் இருந்தாங்க. அவங்க ஒதுங்கினப்புறம் லிபரல் நேஷனல் கட்சியோட டெப் ஃப்ரெக்லிங்டன் ஜெயிச்சாங்க. அதுக்கும் ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன், நனாங்கோன்னு தேடினா 1947-ல ஜெயிச்ச ஜோவும் 2001-ல ஜெயிச்ச பிராட்டும் ஒரே லிஸ்ட்ல அடுத்தடுத்து வந்து நிப்பாங்க. நடுவுல இருக்கற 51 வருஷமும் பரம்பா டேபிள்ல இருக்கு.