வகுப்பறையிலேயே கல்வெட்டுப் படியெடுக்கலாம்: உலக மரபு வாரத்துக்கு ஒரு செய்முறை

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டியோடு அதை முடித்துவிடாதீர்கள். போன ஆண்டு எங்கள் எட்டாம் வகுப்பில் கல்வெட்டுப் படியெடுத்தோம், அதாவது கல்லில் வெட்டிய எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுத்தோம். மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.

முதலில் கல். கோயில் கல்வெட்டுப் பக்கம் போகவே வேண்டாம், அதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அம்மி கொத்துபவரிடம் ஓரடி நீளக் கருங்கல் துண்டு ஒன்றைக் கொடுத்து, உளியால் நாலைந்து சொற்கள் வெட்டித் தரச் சொல்லுங்கள். பளபளப்பான கல்லில் மெஷினில் பொறித்த எழுத்துக்குப் பள்ளம் போதாது. எழுத்தைப் புள்ளி இல்லாமல் வெட்டச் சொல்லுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘நிலம்’ அங்கே ‘நிலம’ என்றுதான் நிற்கும். எங்கள் கல்லில் ‘கல’ என்று இருந்தது. அது ‘கல்’லா ‘கல’வா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது.

கல்லைத் தேய்த்துக் கழுவுங்கள். தாளை நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் விரித்து ஒட்டுங்கள். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், விறைப்பு அதிகம். அச்சகங்களில் பயன்படும் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் மெல்லியதுதான் என் தேர்வு. அப்புறம் அடர்த்தியான பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்டுங்கள், இழுக்காதீர்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்து குழிவாகத் தெரிய வேண்டும்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தாள் ஈரமாக இருக்கும்போதே மை ஒற்றினேன். மை ஊறிப் பரவி, எழுத்தெல்லாம் கறுப்புக்குள் மூழ்கிவிட்டது. மூன்று தாள் போனது. இப்போது புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கிறேன். குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. நிழலில் இருபது நிமிடம் ஆகலாம், மழை நாளில் இன்னும் கூடும். ஃபேனைப் போட்டால் ஓரம் சுருண்டு கல்லை விட்டுக் கிளம்பிவிடும்.

மைக்கு, விளக்குக்கரித் தூளைப் பிசின் கரைத்த நீரில் குழைத்தால் போதும். பஞ்சைத் துணியில் உருண்டையாகக் கட்டி, மையில் தொட்டு, முதலில் கழிவுத் தாளில் நாலு முறை ஒற்றுங்கள். பிறகு கல்லின் மேல் லேசாக, மறுபடி மறுபடி ஒற்றுங்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். முதல் எழுத்து வெளியே வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்!

நன்றாகக் காய்ந்ததும் ஒரு மூலையிலிருந்து உரியுங்கள். எழுத்து நேராகவே இருக்கும், கண்ணாடி பிடித்துப் படிக்க வேண்டியதில்லை.

கடைசி நாளில் உத்திரமேரூரைச் சொல்லுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் குடவோலைக்கு, அதாவது குடத்தில் பெயர் எழுதிய ஓலை போட்டு ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கும் தேர்தலுக்கு, நிற்க வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில், 921இல், அதை 35 முதல் 70 வரை என்று மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றியிருப்பார்கள் என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எங்கள் வகுப்பு, தலைவரையே பானையில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்தது. ஓலையை எடுத்தது ஒன்றாம் வகுப்புப் பையன். ஒன்றும் அறியாச் சிறுவனே எடுக்க வேண்டும் என்பதும் கல்வெட்டில் உள்ளதுதான்.

பின்சேர்க்கை: தட்டும்போது தாள் கிழிகிறது என்று இரண்டு ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். கிழிந்த இடத்தில் இன்னொரு ஈரத் துண்டை வைத்துத் தட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும். பிரஷ் புதிதாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள்.