ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைத் தேடுவது எப்படி

எந்த ஊர் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். நொய்கிர்ஷன் என்ற பெயரில் மட்டும் ஜெர்மனியில் பல ஊர்கள் உண்டு. 1912-13இல் வெளியான மேயர் ஊர் அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஊர் எந்த வட்டத்தில் இருந்தது, பிறப்பு இறப்பை எங்கே பதிந்தார்கள் என்று அது சொல்லிவிடும். 1960, 70களில் மேற்கு ஜெர்மனியின் சிற்றூராட்சிகள் பலவற்றைப் பெரிய ஊராட்சிகளோடு இணைத்துவிட்டதால், பழைய தாள்களையும் அங்கேதான் கேட்க வேண்டியிருக்கும்.

அரசுப் பதிவு பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1இலும், ஜெர்மன் பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1இலும் தொடங்கியது. பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணம் 80 ஆண்டும், இறப்பு 30 ஆண்டும் கடந்த பிறகே எல்லோருக்கும் திறக்கும். அரசுப் பதிவுக்கு முந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் பலவற்றின் ஏடுகள் மெட்ரிகுலா தளத்தில் இலவசம்; புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு ஆர்கியோன் தளத்தில் கட்டணம் உண்டு. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்த பிறகே பல ஊர்களின் ஏடுகள் தொடங்குகின்றன.

அடுத்தது குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. பலர் கைவிடுவது இங்கேதான். பார்த்துப் படிக்க முயலாமல் எழுதிப் பழகுங்கள்; கை பழகினால் கண் தானே பழகும். அதில் 'e' எழுத்து 'n' போலவே இருக்கும். 'u'வின் தலைமேல் ஒரு சிறு வளைவு நிற்கும். அச்சிட்ட படிவத்தில் நிரப்பிய 1876க்குப் பிந்தைய பதிவுகளில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது எளிது.

மாதத்தில் ஏமாறாதீர்கள். 7 என்ற எண்ணுடன் 'br' என்று ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர். புராட்டஸ்டண்ட் பகுதிகளில் நாட்காட்டி மாறியதால் 1700 பிப்ரவரி 18க்கு அடுத்த நாளே மார்ச் 1. முல்லர் (Müller) என்பவருடைய மகளை 'முல்லரின்' (Müllerin) என்று எழுதுவார்கள். கடைசி 'இன்' பெண்பால் விகுதி, குடும்பப் பெயரில் சேராது. வெஸ்ட்ஃபாலியாவில் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் பண்ணையின் பெயரையே ஏற்பதுண்டு. அதனால் தகப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு இன்னொன்று என்று வரும்.

மிக அதிகமாக நடக்கும் பிழை, ஊரின் பெயர் முதன்முதலாகப் பதிவான ஆண்டைத் தோற்ற ஆண்டாக எழுதுவது. தென் ஹெஸ்ஸன், பலட்டினேட் ஊர்கள் பலவற்றின் 1,200ஆம், 1,250ஆம் ஆண்டு விழாக்களுக்கு ஆதாரம் லோர்ஷ் மடத்தின் ஏடு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த தானப் பத்திரங்களை 12ஆம் நூற்றாண்டில் படியெடுத்துத் தொகுத்தது அது. ஒருவர் திராட்சைத் தோட்டத்தை மடத்துக்குத் தானம் செய்தார் என்றால், ஊர் அதற்கு முன்பே பயிர் செய்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்! "முதற்பதிவு" என்றே எழுதுங்கள்.

பிறகு ஊரை நடந்து பாருங்கள். 'ரோட', 'ரொய்த்' என முடியும் பெயர்கள் காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் காட்டுபவை. மரச்சட்ட வீட்டு உத்திரத்தில் செதுக்கிய ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். பழைய வீட்டைப் பிரித்து எடுத்த மரத்தை மறுபடி வைத்துக் கட்டுவது வழக்கம்.

எதைப் படமெடுத்தாலும் பக்கம் முழுவதையும் எடுங்கள். ஆவணக் காப்பகத்தின் பெயர், கட்டு எண், பக்க எண் மூன்றையும் அப்போதே குறித்துவிடுங்கள்.